ஓடினால்தான் ஒன்று

பொத்தானை அழுத்திவிட்டு மப்ரூக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஐந்து நிமிடம். அதற்குள் திரையில் எழுத்து வந்தால் அது கம்ப்யூட்டர். வராவிட்டால் வெறும் பெட்டி. துனிசியாவின் சிலியானா மாவட்டத்தில் வீடு வீடாக, பள்ளி பள்ளியாகப் போய்க் கம்ப்யூட்டர் எண்ணுவது அவள் வேலை. எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளைப் போல மெதுவாக எண்ணுபவர் கிடையாது. நாற்பது பள்ளிகளில் ஒன்றைத்தான் நேரில் பார்க்கிறோம், நான் இங்கே தவறாக ஒன்று எழுதினால் தலைநகரில் அது நாற்பதாகிவிடும் என்பாள்.

எது கம்ப்யூட்டர் என்று அவளோடு வாதாடுகிறவர்கள் உண்டு. வாஷிங் மெஷினுக்குள்ளும் அதுதானே இருக்கிறது, சேர்த்துக்கொள் என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். "சேர்த்துக்கலாம் அண்ணே. உங்க பொண்ணு அதுல உக்காந்து பரீட்சைக்குப் படிச்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

போன குளிர்காலத்தில் மலைமேல் ஒரு பள்ளி. தலைமையாசிரியர் ஷாத்லி தேநீர் கொடுத்து, பதிவேட்டை நீட்டினார். அதில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர் என்று இருந்தது. மப்ரூக்கா அறைக்குப் போய் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஓடியவை மூன்று. மற்றவற்றின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அரசு எண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பழுதான அரசுப் பொருளைப் பதிவேட்டிலிருந்து கழிக்க ஒரு குழு வர வேண்டும். அது கையெழுத்துப் போடும்வரை, செத்த பெட்டியும் பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கும். ஒன்பது வருடமாகக் குழு வரவில்லை. எங்கள் கணக்கில் பத்துக் கம்ப்யூட்டருக்கும் குறைவாக இருக்கிற பள்ளிக்குத்தான் புதியவை தருவார்கள். ஷாத்லிக்கோ ஜூனில் ஓய்வு.

"மூணுன்னு எழுதினா மிச்சம் எங்கேன்னு என்னைத்தான் கேப்பாங்க, தங்கச்சி. வித்துத் தின்னுட்டான்னு சொல்லுவாங்க. பென்ஷன் நின்னுடும்."

"இருபத்திரெண்டுன்னு எழுதினா உங்க பிள்ளைங்க இந்தப் பெட்டிங்களையே பாத்துக்கிட்டு இருக்கணும், ஐயா."



மப்ரூக்கா படிவத்தின் கட்டத்தில் மூன்று என்று எழுதினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முக்காட்டு நுனியால் தூசியைத் துடைத்துத் துடைத்து, ஓடாத பத்தொன்பதின் அரசு எண்களையும் அதே தாளின் பின்பக்கம் எழுதினாள். அடியில்: "இவை எல்லாம் இங்கேயே இருக்கின்றன. எதுவும் ஓடவில்லை. கண்ணால் பார்த்தேன்." முழுப்பெயரும் கையெழுத்தும் போட்டாள். இன்னொரு தாளில் அதையே எழுதி ஷாத்லியிடம் கொடுத்தாள். எண்ணுகிறவள் செய்ய வேண்டிய வேலையல்ல அது. ஒன்று காணாமல் போனாலும் இனி அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நாங்களே அவளைத் திட்டினோம்.

ஷாத்லிக்குப் பென்ஷன் வந்துவிட்டது. பள்ளிக்குப் புதியவை பன்னிரண்டு வந்தன. பழையவை பின்னறைக்குப் போயின. குழு மட்டும் இன்னும் வரவில்லை. மப்ரூக்கா இப்போது பக்கத்து மாவட்டத்தில் எண்ணுகிறாள். மாதம் ஒருமுறை, லீவு நாளில், சொந்தச் செலவில் பஸ் ஏறி அந்த மலைக்குப் போய், பத்தொன்பதும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.