பெட்டியில் சார்ஜர் இல்லை

இன்று செங்கத்து மொபைல் கடையில் நின்றிருந்தேன். நெல்லிவாசல் மலைக்கிராமத்திலிருந்து ஜீப்பில் வந்த ஓர் அக்கா, புது போனை மேசைமேல் வைத்தார். காப்பித் தோட்ட வேலைக்குப் போன கணவர் வாங்கி அனுப்பியதாம்.

"பொட்டில ஒயர் மட்டுந்தாங்க இருந்துச்சு. வூட்ல இருக்கிற பழைய சார்ஜர்ல அது நுழையவே மாட்டேங்குது. போன் அணைஞ்சு மூணு நாளாச்சு."

"இப்ப ஒயரோட ரெண்டு முனையும் டைப்-சி அக்கா, புது மாதிரி. சார்ஜர் தனியா வாங்கணும். சார்ஜர் குப்பை சேராம கம்பெனிக்காரங்க காடு மலையக் காப்பாத்தறாங்களாம்," என்றார் கடைக்காரர்.

"காட்டக் காப்பாத்த, என்னை இன்னாத்துக்கு மலையிலேர்ந்து எறக்குறான்?"

எனக்குக் கொதித்தது.

அக்கா வாங்கிய புது சார்ஜரைக் கடைக்காரர் அங்கேயே மாட்டினார். போனுக்கு உயிர் வந்ததும், மூன்று நாளாகப் பதறியிருந்த கணவரின் அழைப்பு. "நல்லாத்தான் கீறேன், அழுவாத," என்று அக்கா அவரைத் தேற்றினார்.

எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர், எல்லோருக்கும் வசதி என்கிறார்களே, அந்த எல்லோரும் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.