முதல் வளையல்

டாக்டர் யசோதா பட்டுப்புடவை கட்டி நான் பார்த்தது வளைகாப்புகளில் மட்டும்தான். கோலார் தங்கவயலில் பிள்ளை இல்லை என்று ஏங்குகிறவர்கள் முதலில் வந்து நிற்பது ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் அவர் கிளினிக்கில். நான் எலைன், அங்கே நர்ஸ். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும்.

அவர் அப்பா கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் இறங்கிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மகள் பெங்களூரில் ஹார்மோன், கருத்தரிப்பு என்று மேல்படிப்புப் படித்துவிட்டு இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மாமியாரோடு மட்டும் வரும் பெண்ணிடம் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் எங்க?" என்பதுதான். பெங்களூர் வேலைக்கு ரயிலைப் பிடிக்க விடியுமுன் ஓடுகிற ஆண்களை ஞாயிற்றுக்கிழமையாவது வரவழைத்துப் பரிசோதிக்காமல் விடமாட்டார். எத்தனையோ வீடுகளில் தொட்டில் ஆடுகிறது. அவர் வீட்டில் இல்லை. அடுத்தவர்களுக்குப் போடுகிற அதே ஊசியைத் தானும் போட்டுக்கொண்டார், கரு கலைந்தது, மறுபடி போட்டார், மறுபடியும் கலைந்தது. பிறகு நிறுத்திவிட்டார். அவர் கணவர் சிவகுமார் அதைப் பற்றிப் பேசுவதில்லை, இவரும் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்கள்தான் வளையல் போடுவார்கள். டாக்டருக்கு மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இருக்காது. ஃபேனுக்குக் கீழே தனி நாற்காலி, கையில் கூல்டிரிங்க்ஸ். வளையல் தட்டு மட்டும் அந்தப் பக்கம் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் ஷாலினிக்கு வளைகாப்பு. வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்து உண்டான கர்ப்பம். ஆட்டோவில் டாக்டரே கேட்டார், "இன்னைக்காவது வளையல் போடக் கூப்பிடுவாங்களா எலைன்?"

"கூப்பிடாம? நீங்க இல்லாட்டி இன்னாத்துக்கு இந்த வளைகாப்பு?" என்றேன்.

கூப்பிடவில்லை. ஷாலினியின் மாமியார் பார்வதம்மா நேராக என்னிடம் வந்தாள். "மூணு பெத்தவ, நீ வா எலைன்."

மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. டாக்டர் கண்ணாலேயே போ என்றார். போனேன். வளையல் ஷாலினியின் கையில் ஏறவில்லை. யாரோ சோப்பு கொண்டுவந்தார்கள், வழுக்கி வழுக்கி இரண்டு கையிலும் ஏற்றினோம்.

"புள்ள நல்லா சதை போட்டுகினு கீது!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

"காலைலேர்ந்து தலை இடிக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது," என்றாள் ஷாலினி மெதுவாக.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டாக்டர் பக்கத்தில் நின்றார். வீங்கிய விரல்களை அழுத்திப் பார்த்தார். "எல்லாத்தையும் கழட்டு எலைன். யார்கிட்டயாவது கார் இருந்தா எடுக்கச் சொல்லு."

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா! நீங்க கை வெக்காதீங்க!" என்று அலறினாள் பார்வதம்மா.

டாக்டர் காதில் அது விழுந்த மாதிரியே இல்லை. சோப்புத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக உருவினார். வராதவற்றைத் துணி சுற்றி உடைத்தார். நிறைசூலி கையில் வளையல் உடைகிற சத்தம் கேட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கோலார் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் எங்கேயோ போயிருந்தது, எந்த நேரமும் வலிப்பு வரலாம். உடனே ஆபரேஷன். நாள் நிறையாத பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

பார்வதம்மா சும்மா இருப்பாளா? பிள்ளையில்லாதவள் கை பட்டுத்தான் முன்னாடியே பிறந்துவிட்டது என்று பாலகாட் முழுக்கச் சொன்னாள். நான் சண்டைக்குக் கிளம்பினேன். டாக்டர், "உள்ள பேஷண்ட் காத்திருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் அதே பார்வதம்மா தன் மகள் லதாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்கிற்கு வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷமாம், ஒன்றும் இல்லையாம். நான் வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து லதாவிடம், "வீட்டுக்காரர் எங்க?" என்றார்.

பார்வதம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "எம் பொண்ணுக்கு மட்டும் வயித்துல நின்னுட்டா, மொத வளையல் நீங்கதாம்மா போடணும்."

"மாசாமாசம் பிரஷர் பார்க்கக் கூட்டிட்டு வாங்க, அது போதும். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடாதீங்கம்மா."

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். "உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கத்தினேன்.

"வரல எலைன். ஷாலினி குழந்தை அழுதப்பவே கவனிச்சேன், எனக்குச் சந்தோஷமும் வரல," என்றார் டாக்டர். "அடுத்தவங்களைக் கூப்பிடு."