துவைக்காத முந்தானை

நான் வார்டனாக இருக்கும் விடுதியில், புதிதாகச் சேரும் பிள்ளைகளின் துணிகளை முதல் நாளே வெந்நீரில் போட்டுவிடுவோம். சிரங்கு பரவக் கூடாது. இன்று வந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் பையில் அவள் அம்மாவின் பழைய சேலை இருந்தது. அடுப்புப் புகையும் வியர்வையும் கலந்த வாசம்.

அந்த வயதில் என்னிடம் அம்மாவின் ரவிக்கை இருந்தது. அப்பாவும் அம்மாவும் கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனபோது, என்னை மலைமேல் எங்கள் திண்ணனூர் நாட்டு ஊரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். ரவிக்கையை முகத்தில் போட்டுக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஒருநாள் அத்தை அதைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள்.

"புள்ளைய அழுக்கா வெச்சிருந்தேன்னு உங்கம்மா சொல்லுவாளே, சாமி" என்றாள்.

நான் அழவில்லை. அம்மா மிளகு பறிக்கிறவள். அதனால் பாறையில் காய்ந்துகொண்டிருந்த மிளகுக்கு அடியில் ரவிக்கையைப் புதைத்து வைத்தேன். சாயங்காலம் எடுத்து மோந்தபோது மிளகு வாசம் மட்டும்தான் இருந்தது.

"ஏனுங்க, இந்தச் சேலையையும் போட்டுறலாங்களா?" என்று விடுதி ஆயா கேட்டார்.

"போடுங்க" என்றேன். அதற்கு முன், நைந்திருந்த முந்தானையில் கையகலம் கிழித்துச் சிறுமியிடம் கொடுத்தேன். அவள் அதை மோந்து பார்த்தாள். பிறகுதான் விரல்களை மூடினாள்.