ஓடா, வால்வா

பசையக்கா என்றால்தான் அந்தத் தொழிற்கூடத்தில் அவளைத் தெரியும். விண்கலத்தின் அடிப்பக்கத்தில் வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒட்டுவது அவள் வேலை. கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றில் உரசிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும். அந்தச் சூடு உள்ளே போகாமல் காப்பவை இந்த ஓடுகள். பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி, காயும்வரை தொட்டில் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்திலேயே நிற்பாள்.

அன்று கலம் திரும்புவதைக் கேன்டீன் டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு பேர். அவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் குரல் அறுந்தது. பிறகு வானத்தில் ஒரு வெளிச்சம் பலவாகச் சிதறியது.

விசாரணைக் குழு இரண்டு காரணங்களைச் சந்தேகித்தது. ஓடு ஒன்று கழன்று, தீ உள்ளே புகுந்திருக்கலாம். அல்லது கலத்தை நேராகப் பிடித்து வைக்கும் எஞ்சினின் வால்வு சிக்கி, கலம் புரண்டு, ஓடில்லாத பக்கம் தீயைப் பார்த்திருக்கலாம்.

அந்த வால்வைப் பொருத்தியவன் அவள் தெருக்காரன். அவளை அக்கா என்பான்; தினமும் ஒரே பஸ். அதற்குப் பிறகு அவன் முன்வாசலில் ஏறினால் இவள் பின்வாசலில் ஏறினாள்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரிவதில்லை. குளியலறைச் சுவரில் டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"நீ ஒருத்தியா ஒட்டுன? பாத்து ஓகே சொன்னவங்க எத்தன பேரு! நீ ஏன் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அலையுற?" என்றார் கணவர்.

"நெருப்புல போனது அவங்க ரெண்டு பேருங்க."



ஒரு வயலில் ஓடுகள் அப்படியே ஒட்டியிருந்த துண்டு கிடைத்ததாகச் செய்தி வந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டாள். வால்வுதான் என்று மனம் குதித்தது. சில நாளில் ஓடு பெயர்ந்து ஓட்டை விழுந்த இன்னொரு துண்டு கிடைத்தது. மறுநாள் பஸ்ஸில் அவன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் முகமும் அன்று இப்படித்தானே இருந்திருக்கும் என்று கூசியது.

கடைசியில் அறிக்கை வந்தது. கலத்துக்குள் இருந்த பதிவுக்கருவி எரிந்துவிட்டதால் முதலில் எது கெட்டது என்று சொல்ல முடியாது. பசை, வால்வு இரண்டையுமே மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் நேரே அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் வழிவிடாமல் நின்றான்.

"தம்பி, உன் வால்வா இருக்கணும்னு வேண்டாத தெய்வமில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் மட்டும் என்னக்கா? உங்க ஓடு கழண்டிருந்தா போதும்னு கெடந்தேன். ஓட்ட விழுந்த துண்டு கெடச்சன்னிக்கு வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன்."

"அடப்பாவி!" என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். செத்தவர்கள் நினைவு வந்ததும் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"தெரியாமலே போயிருமாக்கா?"

"போயிரும் போல."

அவன் மனைவி உள்ளேயிருந்து, "வாசல்லயே நிக்க வெச்சா பேசுவீங்க? உள்ள வாங்கக்கா" என்றாள்.

மறுநாள் இருவரும் ஒரே வாசலில் ஏறினார்கள்.

புதுப் பசையும் புது வால்வுமாக அடுத்த கலம் போனது. அது திரும்பிய பகலில் இருவராலும் டிவி முன்னால் உட்கார முடியவில்லை. தொழிற்கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். திடீரென்று உள்ளே கைதட்டல் வெடித்தது. கேன்டீன்காரர் வெளியே ஓடிவந்தார்.

"எறங்கிட்டாங்க! எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வெளிய வராங்க!"

வால்வுக்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் மட்டும் நின்றபடியே கேட்டாள்.

"அடிப்பக்கத்தக் காட்டுனாங்களா?"