ஒரே விரலால் காட்டிய இடம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவள் பதினான்கு வருடமாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். வார்டுகளின் படுக்கை விரிப்பு, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி எல்லாம் அவள் கைபட்டுத்தான் மேலே போகும். நீராவி பிரஸ்ஸின் மூடியை இறக்க வலது காலால் பெடலை மிதிக்க வேண்டும். நாள் முழுக்க பாரமெல்லாம் இடது காலில், மிதியெல்லாம் வலது காலில்.

இடுப்பு வலி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. மேஜையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, பாதி எழுந்து நின்று, மீதி எழ வேண்டும். படுக்கையில் புரள்வதற்குக்கூடக் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொள்வாள்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருப்பது படத்தில் தெரிந்தது. அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. மாத்திரை, ஊசி, இடுப்பை இழுத்துக் கட்டும் சிகிச்சை என்று ஒரு சுற்று வந்தாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘டிஸ்க் அக்கா’ என்று பெயரே விழுந்துவிட்டது. அவளும் சிரித்துவைத்தாள். கோபப்படத் தெம்பு வேண்டுமே.

கடைசியில் ஆபரேஷன் என்று முடிவாகி, தேதியும் குறித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி எழுந்து நடப்பது என்று கற்றுக்கொள்ள முன்கூட்டியே பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். மணி மூன்றாகியும் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் மேஜையில் இருந்தது.

“எங்கேம்மா வலிக்குது?”

“ஃபைல்ல இருக்கே மேடம். டிஸ்க்.”

“ஃபைலுக்கா வலிக்குது? உங்களுக்குத்தானே. ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க.”

அவள் எப்போதும் உள்ளங்கையை இடுப்பு முழுக்கத் தடவித்தான் காட்டுவாள். ஒரு விரல் என்றதும் திகைத்துப்போனாள். விரல் மெல்ல இறங்கி, இடுப்புக்கும் கீழே, வலது புட்டத்துக்கு மேல் இருக்கும் குழியில் போய் நின்றது.

“இன்னொரு தடவை காட்டுங்க.”

அதே குழி.

“கால்ல இறங்குதா?”

“தொடை வரைக்கும். முட்டிக்குக் கீழ போகாது.”

“மரத்துப்போகுதா?”

“அதெல்லாம் இல்ல.”

“வலி வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது விழுந்தீங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு அன்றைய சலவைக்கூடத்து ஈரத் தரை ஞாபகம் வந்தது. துணி வண்டியைத் தள்ளும்போது வழுக்கி, வலது பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். “எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டு எழுந்து வேலையப் பாத்தேன். அதை யாரு கேட்டாங்க?”

பிசியோதெரபி பெண் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஒருக்களிக்கச் சொல்லி இடுப்பெலும்பை அழுத்தினாள். தொடையை மடக்கிக் கீழ்நோக்கித் தள்ளினாள். ஒரு காலை மறுகால்மேல் மடித்துப் போட்டு முட்டியை அமுக்கினாள். ஐந்து விதமாகச் செய்து பார்த்ததில் நான்கில் அதே குழியில் சுள்ளென்றது.

“முதுகெலும்போட அடியும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டு ஒண்ணு இருக்கு. எனக்கு அதுமேலதான் சந்தேகம். உங்க வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கித் தெரியும். அங்க மரத்துப்போக ஊசி போட்டு, வலி நிக்குதான்னு பாத்தா உறுதியாயிடும்.”

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவனிடம், ஊசி போட்டுப் பார்க்கும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைத்திருப்பதைச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “மறுபடியும் முதல்லேர்ந்தா?”

அவளுக்கும் அதே கேள்விதான். இருந்தும் போனாள்.

வலி சிகிச்சைக்கென்றே இருந்த டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அந்த மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தினார். “இது சில மணி நேரம்தான் நிக்கும். அதுக்குள்ள எதெது வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பாருங்க,” என்றார்.

அரை மணி கழித்து அவள் நாற்காலிக் கையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து எழுந்தாள். வலி வரவில்லை. உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். வெளியே வந்து இரண்டு மாடி ஏறினாள். படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. மூன்று வருடத்தில் ஒருத்தராவது விரலால் காட்டச் சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் வலி திரும்பிவிட்டது. கணவனின் முகம் தொங்கிப்போனது.

“திரும்பி வரும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. எங்க வலிக்குதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு. அவ்வளவுதான்.”

இரண்டாம் முறை போட்ட ஊசியிலும் அப்படியே நடந்தது. ஆபரேஷன் ரத்தானது. தேதி குறித்த டாக்டர், “நல்லதாப் போச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையும், தினமும் செய்ய ஆறு பயிற்சிகளும் கொடுத்தார்கள். பிசியோதெரபி பெண் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பார்த்து, சலவைக்கூட மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே அவளைப் பாதி நேரம் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றினார். ஆறு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. சில நாள் அது இருப்பதே தெரியாது, சில நாள் படுத்தி எடுத்துவிடும்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குவாள். பத்து தடவை செய்யவேண்டும். ஆறிலோ ஏழிலோ கண் சொருகி, அப்படியே தூங்கிப்போவதும் உண்டு. கணவன் குனிந்து தோளைத் தொடுவான்.

“ஏய், பஸ் போயிடும்.”

“இன்னும் மூணு இருக்கு,” என்பாள், கண்ணைத் திறக்காமலே.