தோமாசாவுக்குக் கொடுத்த இரண்டு நிமிடம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

எலோய்சா பரேலாவின் வக்கீல் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக நான் குமாஸ்தா. அமெரிக்காவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், வெங்காய வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். எலோய்சாவுக்கு எட்டு வயசிலேயே உத்தியோகம் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் அம்மா ஸ்பானிஷில் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அப்புறம் சட்டம் படித்தாள், வயல் வேலைக்காரர்களுக்காக வழக்காடினாள், மூன்று சட்டசபைத் தேர்தல் ஜெயித்தாள். எங்கள் மாநிலத்தில் சட்டசபை உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்தொடர் வந்தால் ஆபீஸைப் பூட்டிவிட்டு, ஐந்து மணி நேரம் கார் ஓட்டி நானும் அவளும் தலைநகருக்குப் போய்விடுவோம்.

அந்த வருஷம் அவள் மசோதா கொண்டுவந்து கேட்டது என்ன பெரிய சொத்தா? வெயில் நூறு டிகிரியைத் தாண்டினால் வயலில் நிழலும் குடிதண்ணீரும் கட்டாயம். அவ்வளவுதான். ஜூலையில் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டே சுருண்டு விழுந்து செத்த ஃபவுஸ்தினோவின் மனைவி தோமாசா சாட்சி சொல்ல வந்திருந்தாள். மசோதாவை விசாரிக்கும் கமிட்டியில் ஒன்பது பேர். ஒரே ஓட்டில் இப்படியோ அப்படியோ ஆகிவிடும்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார் தலைவர். தோமாசா பேச, மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்ல, இரண்டு பேருக்கும் சேர்த்தே கடிகாரம் ஓடியது. அநியாயம்! புருஷன் தண்ணீர் கேட்ட இடத்துக்கு அவள் வருவதற்குள் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

"நன்றிம்மா. அடுத்தவங்க வாங்க."

"ஐயா, அவரு செத்ததையே நான் இன்னும் சொல்லலியே!" என்றாள் தோமாசா. அதை மொழிபெயர்க்கக்கூட நேரம் தரவில்லை.

எலோய்சா எழுந்தாள். "தலைவரே, உறுப்பினர் பேசுறதுக்கு நேரக் கணக்கு இல்லைதானே?"

"இல்லை."

"அப்ப என் நேரத்துல அவங்க பேசட்டும். இங்கிலீஷ்ல நான் சொல்றேன்."

பதினொரு நிமிடம் பேசினார்கள். தண்ணீர்ப் பீப்பாய் வயலின் அந்தக் கோடியில் இருந்தது. 'வரிசையை முடிச்சுட்டுப் போய்க் குடி' என்றானாம் மேஸ்திரி. வரிசை முடியவில்லை. ஃபவுஸ்தினோ முடிந்துபோனான். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் எலோய்சா சொன்னாள்.

ஓட்டெடுப்பு நாலுக்கு நாலு. கடைசி ஆள் ரொஹேலியோ அபோதாக்கா. எங்கள் ஆள்தான். அவன் அம்மாவும் வயலில் வெங்காயத் தாள் நறுக்கியவள். அவன் தேர்தலில் ஜெயிக்க, சோளமாவுத் தமாலே அவித்து விற்றுக் காசு சேர்த்தவர்கள் நாங்கள்.

மேஜையைப் பார்த்துக்கொண்டே, இங்கிலீஷில் "எதிர்ப்பு" என்றான். மசோதா அங்கேயே செத்தது.

"அடப்பாவி!" என்று கத்தினேன். காவலாளி என்னை வெளியே தள்ளினான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் நடைபாதைக்கு வந்தார்கள்.

எலோய்சா அவன் வழியை மறித்தாள். "யாருக்குப் பயந்து இப்படிப் பண்ணினே, ரொஹேலியோ? உனக்கெல்லாம் வெக்கமே இல்லையா?"

அவன் அவளை விட்டு நகர்ந்து, தோமாசாவிடம் கையை நீட்டி ஸ்பானிஷில் குழைந்தான். "அக்கா, உங்க புருஷன் எனக்கு அண்ணன் மாதிரி. மனசே உடைஞ்சுபோச்சுக்கா."

தோமாசா அந்தக் கையைத் தொடவில்லை.

"தம்பி, உள்ள வேண்டாம்னு இங்கிலீஷ்லதானே சொன்னீங்க? வெளிய வந்து ஆறுதல் சொல்ல மட்டும் எதுக்கு நம்ம பாஷை?"