பருப்பு வெந்த தண்ணீர்

1. இரண்டு பாட்டில்

லேப் கதவைத் திறப்பதற்குள் வாசலில் கூட்டம். வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடுகள் எழும்பிய ஒரு நகரிலிருந்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு குரலில் பேசினார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்த எனக்கு இது பழகிப்போன வரவேற்புதான். நல்ல தண்ணீர் குடிக்கிறவர்கள் யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை.

தலைமை தாங்கி வந்தவர் தனபால், ரிட்டயர்டான கண்டக்டர். அவர்கள் தெருக்குழாயில் வருவது போர் தண்ணீர். வாயில் வைத்தால் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்களாம். ஆனால் ஏரிக்கரையில் ஒரு கைபம்பு இருக்கிறது, அதில் வருவது இனிப்பான தண்ணீர். குழாய் போரை மூடிவிட்டு, கைபம்பு இருக்கும் இடத்தில் மோட்டார் வைத்து டேங்க்குக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கு எங்கள் ரிசல்ட் வேண்டும். இரண்டு தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து வந்திருந்தார்கள்.

"கைபம்பு தண்ணி ஏ-ஒன்னும்மா. பருப்பு குழைய வேவுது. சீக்கிரம் நல்லதுன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் தனபால்.

ரிசல்ட்டை முடிவு செய்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்கு வருகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நம் ஊரில் தண்ணீருக்குப் பருப்புதான் பரீட்சை. என் வீட்டிலும் அதே கதைதான்.

குழாய்த் தண்ணீரில் ஹார்ட்னஸ், அதாவது சுண்ணாம்பு, ஜாஸ்தி. டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை; முகம் சுளிக்கலாம், குடிக்கலாம். கைபம்புத் தண்ணீரில் ஹார்ட்னஸ் கம்மி. அடுத்து ஃப்ளோரைடு பார்க்கும் மருந்தை விட்டேன். ரோஸ் நிறம் வர வேண்டிய இடத்தில் மஞ்சளாக நின்றது. மறுபடி செய்தேன். அதே மஞ்சள்தான்; பல்லையும் எலும்பையும் கெடுக்கிற அளவுக்கு ஃப்ளோரைடு.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் இதை நினைவில் வையுங்கள். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில்தான் பாறையின் ஃப்ளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். நாக்குக்குப் பிடித்ததும் பருப்புக்குப் பிடித்ததும் பல்லுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

2. கைபம்படியில்

ஆட்கள் பிடித்துவந்த சாம்பிளை நம்பி எழுதக்கூடாது என்பதால் நானே நேரில் போனேன். தனபால் வழிகாட்டினார். கைபம்படியில் ஒரு பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர் செல்வி. கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. பக்கத்தில் அவள் மகள். மூன்றாம் வகுப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தவள் உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள். புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. அதற்கப்புறம் எனக்கு லேப்பே தேவைப்படவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். தனபால் ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினில் தப்பு இருக்கும், உப்புத் தண்ணீரை நல்லது என்று எந்த மடையன் சொல்வான் என்று கேட்டார். அந்த மடையன் நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. செல்வி பாதிக் குடத்தோடு பம்படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்படியே குடுக்கல மேடம். பாதியா சுண்டக் காய்ச்சித்தான் குடுப்பேன். கைக்கொழந்தைல இருந்து" என்றாள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். குழாய்த் தண்ணீராக இருந்தால் சுண்ணாம்பும் கொஞ்சம் அடியில் தங்கும். ஃப்ளோரைடு எங்கும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஏறும். இதை அவளிடம் சொல்லாமல் வந்துவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அம்மாவுக்கு வேதனை. சொல்லாவிட்டால் நாளைக்கும் அடுப்பில் அதே தண்ணீரைத்தான் வைப்பாள். சொன்னேன்.

அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு வாசல்லயே கொழாய் இருக்குது மேடம். உப்புன்னுதான் இவ்ளோ தூரம் வந்து இடுப்பு ஒடியத் தூக்கினு போனேன். இனிமே கொழாத் தண்ணி குடுத்தா இவ பல்லு வெளுத்துடுமா?"

வெளுக்காது என்றேன். வந்த கறை போகாது, எலும்பையாவது காப்பாற்றலாம் என்றேன்.

குடிக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகக் கைபம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். மனையின் விலை விழுந்துவிடும் என்று யாரோ சுரண்டிவிட்டார்கள். மறுபடி அடித்தோம். தனபால் கடைசிவரை என்னோடு பேசவில்லை.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். கெட்ட தண்ணீரைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. ஆகவே ரிசல்ட்டைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் வராதீர்கள்.

கைபம்படியில் பேசிய அன்று செல்வி குடத்தைக் கவிழ்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் திரும்பும் வழியில்தான் அவள் வீடு. வாசல் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்த மகள் கீழே துப்பினாள்.

"நல்லாவே இல்லமா. பழைய தண்ணியே குடு."

செல்வி டம்ளரைக் கழுவி, மறுபடியும் அந்தக் குழாயிலேயே பிடித்தாள்.